மூன்று மணி நேரக் கோழி

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் மொத்தமே மூன்று கவுண்டிகள்தாம். தெற்கே இருப்பது சசெக்ஸ். ஒரு பக்கம் அட்லாண்டிக் கடல், மறுபக்கம் சோளக்காடு, நடுவே நீள நீளமான கோழிக் கொட்டகைகள். அந்தப் பக்கத்துத் தேவாலயமோ தன்னார்வத் தீயணைப்பு நிலையமோ நிதி திரட்ட விருந்து வைத்தால், அதில் அடிக்கடி பரிமாறப்படுவது கோழியும் 'ஸ்லிப்பரி டம்ப்ளிங்'கும். தட்டில் விழும்போதே வழுக்கிக்கொண்டு ஓடும் மெல்லிய மாவுத் துண்டுகள் என்பதால் அந்தப் பெயர்.

பார்க்க அழகான உணவு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வெள்ளை மாவு, வெளிறிய இறைச்சி, மஞ்சள் சாயல் கொண்ட கெட்டியான சாறு. மிளகாய் கிடையாது, தாளிப்பு கிடையாது. உப்பு, மிளகு, ஒரு வெங்காயம், இரண்டு செலரித் தண்டு, வாசனைக்கு ஓர் இலை. மாவுக்கும் தனி ருசி இல்லை. ஆனாலும் அமெரிக்கத் தெற்கிலும் மத்திய மேற்கிலும் வளர்ந்த பலரிடம் பாட்டி சமையல் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வார்கள். மசாலாவின் துணை இல்லாமல், மாவின் துணையும் இல்லாமல், அந்த ருசி எங்கிருந்து வந்தது?

டம்ப்ளிங் என்பதைத் தமிழ் வாசகர் கற்பனை செய்துகொள்வது கடினமல்ல. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடுகளில் அரிசி மாவு உருண்டைகளைக் கோழிக் குழம்போடு உண்பார்கள். அதற்குப் 'பிடி' என்று பெயர். குஜராத்தில் சப்பாத்தி மாவைத் துண்டு போட்டுப் பருப்பில் வேகவைத்தால் தால் டோக்ளி. அமெரிக்கக் குடியானவர் செய்வதும் தால் டோக்ளியின் முறைதான். மாவு கொதிக்கும் சாற்றிலேயே வெந்து அதன் ருசியைக் குடிக்கிறது. பதிலுக்குத் தன் மேல் ஒட்டியிருக்கும் உலர்மாவைக் கொடுத்துச் சாற்றைக் கெட்டியாக்குகிறது. ஒரே பானை, ஒரே அடுப்பு. ஒரு கோழியைப் பத்துப் பேருக்குப் பங்கு வைக்க இதைவிடச் சிக்கனமான வழி அரிது.

இந்த உணவைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் அது மாவைப் பற்றிய வழக்காகவே முடியும். தட்டையா, உப்பலா? தட்டைக் கட்சிக்காரர்கள் மாவைப் பிசைந்து, 3 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, பட்டையாக அறுத்துச் சாற்றில் இடுவார்கள். அப்பலாச்சிய மலைப்பகுதியில் அதன் பெயர் 'ஸ்லிக்'. வட கரோலினாவின் கிழக்குப் பகுதியில் 'சிக்கன் பேஸ்ட்ரி'. பென்சில்வேனியாவின் ஜெர்மானிய வம்சாவளியினர் சதுரமாக வெட்டி, அதற்கு 'பாட் பை' என்கிறார்கள். மேலோடு கிடையாது, அடுப்பில் சுடுவதும் கிடையாது; பெயரில் மட்டும் 'பை' இருக்கிறது. உப்பல் கட்சிக்காரர்களின் மாவு இளக்கமானது. பேக்கிங் பவுடர் சேர்த்த மாவைக் கரண்டியால் எடுத்துக் கொதிக்கும் சாற்றின் மேல் விட்டு மூடிவிட்டால், இட்லி போலப் பொங்கி எழும்.

எது மூத்தது என்று கேட்டால் தட்டையின் பக்கமே சாட்சியம் வலுவாக இருக்கிறது. ஹன்னா கிளாஸ் 1747-இல் லண்டனில் வெளியிட்ட சமையல் நூலில், மாவும் தண்ணீரும் உப்பும் மட்டும் சேர்ந்த கெட்டி டம்ப்ளிங் உண்டு. அமெரிக்கர் எழுதிய முதல் சமையல் நூலாகக் கருதப்படும் அமீலியா சிம்மன்ஸின் நூல் வந்தது 1796-இல். மரச்சாம்பலிலிருந்து எடுத்த 'பெர்ல் ஆஷ்' என்ற காரத்தால் மாவை உப்ப வைக்கும் குறிப்பு அதில் இருக்கிறது. ஹார்வர்டு வேதியியல் பேராசிரியர் ஈபன் ஹார்ஸ்ஃபோர்டு பேக்கிங் பவுடருக்கு அடிப்படையான பாஸ்பேட் அமிலத்துக்குக் காப்புரிமை பெற்றது 1856-இல். பொடி வீட்டு அலமாரிக்கு வந்த பிறகுதான் கரண்டியால் விடும் டம்ப்ளிங் எல்லார் வீட்டுக்கும் எளிதாயிற்று.

மண்ணுக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்கத் தெற்கில் விளைந்தது மென்மையான குளிர்காலக் கோதுமை. அதில் புரதம் குறைவு. பிசைந்தால் ரப்பராக இழுக்காது. ரஷ்யாவிலிருந்து வந்த மெனோனைட் குடியேறிகள் 1874-இல் கேன்சஸ் சமவெளிக்குக் கொண்டுவந்த 'டர்க்கி ரெட்' போன்ற கடினக் கோதுமை ரொட்டிக்கு ஏற்றது. தெற்கின் மாவு பிஸ்கெட்டுக்கும் டம்ப்ளிங்குக்கும் ஏற்றது. டென்னசியின் நாக்ஸ்வில்லில் 1883-இல் தொடங்கிய 'வைட் லில்லி' மாவைத் தெற்கத்திய வீடுகள் தலைமுறை தலைமுறையாக வாங்கியதற்குக் காரணம் அந்த மென்மைதான்.

இவ்வளவு வழக்காடும் இரு தரப்பும் பானைக்குள் இருக்கும் கோழியை விட்டுவிடுகின்றன. மாவு பெரிதாக மாறிவிடவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் தேய்த்த தட்டை மாவை இன்றும் யாரும் தேய்க்கலாம். அன்றைய கோழிதான் இன்று அகப்படுவதில்லை.

அந்தக் கோழி யார்? முட்டை ஓய்ந்த பெட்டை. அமெரிக்கக் குடியானவர் வீட்டில் கோழி வளர்த்தது முட்டைக்காக. முட்டைக் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைக்காசு. துணி, சர்க்கரை, பள்ளிப் புத்தகம் எல்லாம் அதில் நடந்தன. முட்டையிடும் கோழியை அறுப்பது, பால் தரும் மாட்டை அடிமாட்டுக்கு விற்பது போல. ஆகவே கறிக்கு இரண்டு வகைக் கோழிகளே கிடைத்தன. ஒன்று, குஞ்சுகளில் மிஞ்சிய சேவல்கள். கோடையில் அவை இளசாக இருக்கும்போதே பொரித்துத் தின்றார்கள். மற்றொன்று, இரண்டு மூன்று ஆண்டுகள் முட்டையிட்டுக் களைத்த பெட்டை. இலையுதிர் காலத்தில் இறகு உதிர்ந்து முட்டை நிற்கும். குளிர்காலம் முழுக்கத் தீனி போட்டுக் காக்க முடியாது. எந்தக் கோழியைக் கழிப்பது என்று வீட்டுக்காரி முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு அவளிடம் கைப்பழக்கம் இருந்தது. முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து தடித்திருக்கும். ஓய்ந்ததன் கொண்டை வெளிறிச் சுருங்கும். வால்பக்கத்து இடுப்பெலும்புகள் இரண்டுக்கும் நடுவே விரல் வைத்துப் பார்ப்பாள். இரண்டு மூன்று விரல் நுழைந்தால் முட்டை வருகிறது. ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் ஓய்ந்துவிட்டது. பிளிமத் ராக், ரோட் ஐலண்ட் ரெட் போன்ற மஞ்சள் கால் இனங்களில் காலே கணக்குச் சொல்லும். மக்காச்சோளத்திலிருந்து வரும் மஞ்சள் நிறமி முட்டைக் கருவுக்குப் போய்விடுவதால், இட்டுக்கொண்டே இருக்கும் கோழியின் அலகும் காலும் வெளுக்கும். முட்டை நின்றதும் மஞ்சள் திரும்பும். தன் மஞ்சளை எல்லாம் முட்டையாகக் கொடுத்து முடித்த கோழி, மறுபடி மஞ்சள் காலோடு நடக்கும்போது அதற்கு நாள் குறிக்கப்பட்டுவிடும்.

அறுக்கும் நாளும் சாதாரண நாளல்ல. ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் சாப்பிட வருகிறார் என்றால் அடுப்பில் கோழி ஏறும். தெற்கின் கறுப்பின மக்களிடையே கோழிக்கு 'காஸ்பல் பேர்ட்', அதாவது நற்செய்திப் பறவை, என்றே ஒரு பெயர் உண்டு.

கறுப்பின மக்களுக்கும் கோழிக்கும் உள்ள உறவை விட்டுவிட்டு இந்தப் பானையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. வர்ஜீனியாவில் 1692-இல் வந்த சட்டம் அடிமைகள் வைத்திருந்த குதிரை, மாடு, பன்றிகளைப் பறித்துக்கொள்ளச் சொன்னது. கோழி அந்தப் பட்டியலில் இல்லை. அந்தச் சிறிய இடைவெளியில் அவர்கள் கோழி வளர்த்தார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் பண்ணையில் அடிமைப்பட்டிருந்தவர்கள் கோழியையும் முட்டையையும் அலெக்சாண்ட்ரியா சந்தைக்குக் கொண்டுபோய் விற்றனர்; வாஷிங்டன் வீட்டாரே அவர்களிடம் காசு கொடுத்து வாங்கியதும் உண்டு. தன் உடல் தனக்குச் சொந்தமில்லாத ஒருவருக்கு ஒரு கோழி சொந்தமாக இருந்தது. சைக்கி வில்லியம்ஸ்-ஃபோர்சன் 2006-இல் வெளியிட்ட ஆய்வு நூல், கோழியை வைத்துக் கறுப்பினப் பெண்கள் எப்படி வருமானமும் மதிப்பும் தேடிக்கொண்டார்கள் என்று விரித்துச் சொல்கிறது. பெரிய வீட்டுச் சமையலறையில் அந்தப் பானையின் முன் நின்று நுரை எடுத்ததும் பெரும்பாலும் அவர்கள் கைதான். 'தெற்கத்தியச் சமையல்' என்று பொதுவாகச் சொல்லும்போது அந்தக் கை மறைந்துபோகிறது.

மறையாமல் காத்தவர்களில் ஒருவர் எட்னா லூயிஸ். விடுதலை பெற்ற அடிமைகள் அமைத்த வர்ஜீனியாவின் ஃப்ரீடவுன் என்ற குடியிருப்பில் 1916-இல் பிறந்தவர். அதை நிறுவியவர்களில் அவருடைய தாத்தாவும் ஒருவர். 1976-இல் அவர் வெளியிட்ட நாட்டுப்புறச் சமையல் நூல் பருவங்களின் வரிசையில் அமைந்தது. அளவுக் கரண்டி இல்லாத அந்த வீடுகளில் பேக்கிங் பவுடரை நாணயத்தின் மேல் குவித்து அளந்தார்கள். கடைப் பொடியில் உலோக வாடை அடிக்கிறது என்று, கிரீம் ஆஃப் டார்ட்டரும் சோடா உப்பும் கலந்து வீட்டிலேயே பொடி செய்துகொள்ளச் சொன்னவர் அவர். பொருளின் காலத்தையும் வயதையும் மதித்த சமையல் அது.

இப்போது மீண்டும் சசெக்ஸுக்கு வர வேண்டும். கோழியின் கதை திரும்பிய இடம் அதுதான்.

1923. ஓஷன் வியூ என்ற சிற்றூரில் சிசில் ஸ்டீல் என்ற பெண், முட்டைக்காக 50 குஞ்சு கேட்டு எழுதியிருந்தார். வந்திறங்கியவை 500. திருப்பி அனுப்பாமல் ஒரு சிறு கொட்டகை போட்டு வளர்த்தார். பிழைத்த 387 கோழிகளை, இரண்டு பவுண்டு எடை தேறியதும், பவுண்டு 62 சென்ட்டுக்குக் கறிக்கு விற்றார். முட்டை இடும் வரை காத்திருக்கவே இல்லை. மூன்றே ஆண்டுகளில் அவருடைய கொட்டகைகளில் 10,000 கோழிகளுக்கு இடம் இருந்தது. அக்கம்பக்கத்தார் பின்தொடர்ந்தார்கள்.

அன்று கோழிக்கறி எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு சான்று போதும். 1928 அதிபர் தேர்தலில் ஹெர்பர்ட் ஹூவருக்காகக் குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் கொடுத்த பத்திரிகை விளம்பரத்தின் தலைப்பு, ஒவ்வொரு பானைக்கும் ஒரு கோழி என்பது. செழிப்புக்கு அடையாளமாகக் கோழியைக் காட்ட முடிந்த காலம் அது.

1948-இல் சசெக்ஸ் கவுண்டியின் தலைமையிடமான ஜார்ஜ்டவுனில் 'நாளைய கோழி' என்ற தேசியப் போட்டியின் இறுதிச் சுற்று நடந்தது. பின்னால் நின்றது ஏ அண்ட் பி மளிகைக் கடை நிறுவனம். பெரிய மார்பு, தடித்த தொடை, குறைந்த தீனி, குறைந்த நாள். கலிபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரஸ் வளர்த்த கலப்பினம் வென்றது. 1925-இல் அமெரிக்கக் கறிக்கோழி 112 நாளில் சுமார் 1.1 கிலோ வந்தது. இன்று சுமார் 47 நாளில் 2.9 கிலோ. அந்தப் பறவைக்குத்தான் 'பிராய்லர்' என்று பெயர். நேரடித் தணலில் வாட்டித் தின்னத் தக்க இளசு என்பது பொருள். தமிழ்நாட்டுக் கறிக்கடைப் பலகைகளில் நாம் நாள்தோறும் படிக்கும் சொல்லுக்குள்ளேயே கோழியின் வயது எழுதியிருக்கிறது.

வயது ஏன் இவ்வளவு முக்கியம்? நடந்து, கிளறி, பறந்து, முட்டையிட்டு வாழ்ந்த கோழியின் தசையில் கொலாஜன் என்ற இணைப்புத்திசு இறுகிப் பின்னியிருக்கும். வாட்டினால் மெல்ல முடியாது. மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால்தான் பின்னல் அவிழ்ந்து ஜெலட்டினாகி நீரில் இறங்கும். உதட்டில் லேசாக ஒட்டும் சாறு அதனால் வருவது. அந்த நேரத்தில் தசையின் ருசியும் தோலடி மஞ்சள் கொழுப்பும் சேர்ந்தே இறங்குகின்றன. ஏழு வார பிராய்லர் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். மூன்று மணி நேரம் விட்டால் இறைச்சி நாராகிவிடும். சாற்றுக்கு வேண்டிய நேரத்தை அந்தக் கோழியால் தர முடியாது.

மசாலா இல்லாத அந்தச் சமையல் நியாயமாக இருந்தது இதனால்தான். முதிர்ந்த கோழியை நம்பி அமைந்த, எழுதப்படாத ஏற்பாடு அது. கோழி மாறிய பிறகும் செய்முறையை மாற்றாமல் வைத்திருந்தால் பானையில் மிஞ்சுவது மாவு மிதக்கும் வெந்நீர். அதை ஈடுகட்டச் சாற்றுக்கட்டி வந்தது, டின் சூப் வந்தது. 1931-இல் பிஸ்குவிக் கலவை வந்து மாவு பிசையும் வேலையையும் குறைத்தது. வேலைக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்கு இவை உதவியாகவே இருந்தன. அவளைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் டின்னிலிருந்து வரும் ருசி எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

அமெரிக்க வேளாண் துறையின் வகைப்பாட்டில் முதிர்ந்த பெட்டைக்குத் தனி வகுப்பு இன்னும் இருக்கிறது: பத்து மாதத்துக்கு மேற்பட்டது, நெஞ்செலும்பின் நுனி வளையாதது. இளங்கோழியில் அந்த நுனி குருத்தெலும்பாக வளைந்து கொடுக்கும். ஏட்டில் இருக்கும் அந்தக் கோழி மளிகைக் கடைக் குளிர்பெட்டியில் அரிதாகவே இருக்கிறது. முட்டைப் பண்ணையில் ஓய்ந்த பெட்டைகளில் பல டின் சூப்புக்கும் செல்லப்பிராணித் தீனிக்கும் போகின்றன. சாற்றுக்கென்றே பழுத்த கோழியை ஒரு சமூகம் தன் அடுப்பிலிருந்து இப்படி அனுப்பிவிட்டது பெரிய இழப்பு.

கிடைத்தவர்கள் செய்யும் முறை இது. முழுக்கோழியைத் துண்டமாக்கி, கழுத்து, முதுகு, கால் எதையும் எறியாமல், குளிர்ந்த நீரில் போட்டு அடுப்பேற்றுகிறார்கள். கொதி வரும்போது எழும் சாம்பல் நுரையை வழித்துவிட்டு, வெங்காயம், செலரி, மிளகு, உப்பு சேர்த்துத் தீயைக் குறைக்கிறார்கள். நீர் கொந்தளிக்கக் கூடாது. ஓரத்தில் ஒரு குமிழி, நடுவில் ஒரு குமிழி என்று முணுமுணுத்தால் போதும். இரண்டரை மணி நேரத்தில் தொடை எலும்பை விட்டு விலகத் தொடங்கும். கோழியை எடுத்து ஆறவைத்துப் பிய்த்து வைத்துக்கொண்டு, சாற்றை வடிகட்டி, மேலே மிதக்கும் கொழுப்பில் கொஞ்சத்தைத் தனியே எடுக்கிறார்கள்.

அந்தக் கொழுப்பு மாவுக்கு. இரண்டு கோப்பை மாவில் உப்பும் இரண்டு மூன்று கரண்டிக் கொழுப்பும் சேர்த்து விரல் நுனியால் பிசிறி, ஆறிய சாற்றையோ பாலையோ விட்டுத் திரட்டுகிறார்கள். சப்பாத்திக்குப் போல அடித்துப் பிசையக் கூடாது, இறுகிவிடும். அரை மணி நேரம் ஊறவிட்டு, தாராளமாக மாவு தூவித் தேய்த்து, இரண்டு விரல் அகலத் துண்டுகளாக அறுக்கிறார்கள். தூவிய மாவைத் தட்டிவிடுவதில்லை. சாற்றைக் கெட்டியாக்கப்போவது அதுதான். இப்போது சாறு நன்றாகக் கொதிக்க வேண்டும். துண்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டால் ஒட்டாது; அள்ளிக் கொட்டினால் களியாகிவிடும். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் வெந்ததும் பிய்த்த கறியைச் சேர்த்து இறக்கிவிடலாம். உப்பல் வகை செய்வோர் கரண்டியால் விட்டு மூடிய பின் பதினைந்து நிமிடம் மூடியைத் தொடுவதில்லை. மேல்பாதி வேகுவது ஆவியில். இட்லிப் பானையை நடுவில் திறந்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

முதிர்ந்த கோழி கிடைக்காத சமையல்காரர்களில் சிலர் வேறு வழி கண்டிருக்கிறார்கள். கோழிக்கால், சிறகு, முதுகெலும்பு ஆகியவற்றை முதல் நாளே நெடுநேரம் வேகவைத்துச் சாறு எடுத்து, மறுநாள் பிராய்லரைத் தண்ணீருக்குப் பதில் அந்தச் சாற்றில் வேகவைப்பது. இளங்கோழியிடம் இல்லாத நேரத்தை எலும்புகளிடமிருந்து கடன் வாங்கும் முறை இது. ருசி முழுதாகத் திரும்புவதில்லை, ஆனாலும் அருகில் வருகிறது.

நாமக்கல்லில் ஓய்ந்து கறிக்கு வரும் முட்டைக் கோழிக்கு ஒரு விலை, கறிக்கோழிக்கு ஒரு விலை என்று நம் நாளிதழ்கள் இன்றும் தனித்தனியே அச்சிடுகின்றன. அமெரிக்க வீடுகளுக்குத் தேடியும் கிடைக்காத பறவை நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வேகாது, ரப்பர் மாதிரி இருக்கும் என்று அதை ஒதுக்குபவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் பார்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக்குச் சிறுதீயில் ஏற்றிவிட்டு, பன்னிரண்டு மணி வரை அதன் போக்கில் விட்டுவிடுங்கள். மாவு தேய்ப்பதும் தேய்க்காததும் உங்கள் விருப்பம்.